யாரும் எடுக்காத எண்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. வீட்டு ஓனரைக் கண்டால் பயம் உண்டு. பல் டாக்டரைக் கண்டால் அதைவிடப் பயம். செத்துப் போனவர்களிடம் எனக்கு எந்தத் தகராறும் இருந்ததில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நானே பல பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் நான் சொல்லப் போவது கண்ணால் பார்த்தது இல்லை, காதால் கேட்டது. அதில் பாதிக்குப் பதிவும் இருக்கிறது. இன்றைக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறேன். கட்டுக்கதை சொல்கிறவள் இந்நேரம் வேலையை விட்டு ஓடியிருப்பாள். எனக்கு அதற்கு வசதியில்லை.

நான் டெலிபோன் சிஸ்டத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறவள். இப்போதெல்லாம் போன் சிஸ்டம் என்பது கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஒரு சாஃப்ட்வேர். இந்த நேரத்துக்கு இந்த எண்ணைக் கூப்பிடு, எடுத்தால் இதைச் சொல், எடுக்காவிட்டால் இன்னொருவரைக் கூப்பிடு என்று வரிவரியாக எழுதி வைத்தால் போதும். அதுவே கூப்பிடும், அதுவே பேசும்.

எங்கள் கம்பெனிக்கு ஒரே வேலை. தனியாக இருக்கும் வயதானவர்களுக்குத் தினமும் சாயங்காலம் ஒரு போன் போகும். "நலமாக இருந்தால் ஒன்றை அழுத்தவும்" என்று பதிவு செய்த குரல் கேட்கும். அது என் குரல்தான். ஒன்றை அழுத்தினால் ஸ்கிரீனில் அவர் பெயர் பச்சை ஆகும். மூன்று முறை கூப்பிட்டும் எடுக்காவிட்டால், அவர் கொடுத்திருக்கும் உறவினர் எண்ணுக்குப் போகும். உறவினர் எடுத்ததும் பெரியவரை மறுபடி கூப்பிட்டு இருவரையும் ஒரே பேச்சில் சேர்த்துவிடும். இதற்கு எங்கள் பாஷையில் பிரிட்ஜ், அதாவது பாலம், என்று பெயர். பிரிட்ஜில் ஒரே ஆள் காத்திருந்தால் அவருக்குப் பாட்டு ஓடும். இரண்டாவது ஆள் வந்ததும் பாட்டு நிற்கும். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உறவினரும் எடுக்கவில்லையா? என் மேஜையில் மணி அடிக்கும். நான் பைக் அண்ணனைக் கூப்பிடுவேன். அவர் நேரில் போய்க் கதவைத் தட்டுவார். எல்லாவற்றிலும் இந்த வழிதான் முக்கியம். போனை எடுக்காதவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கிடக்கலாம். ஸ்கிரிப்டில் நான் ஒரு வரி தப்பாக எழுதினால் அவர் விடியும் வரை அங்கேயே கிடப்பார்.

மூன்றாவது மாடியில் ஆபீஸ். கீழே மெத்தைக் கடை. ஐந்தரைக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அழைப்புகள் ஆறு மணிக்குத் தொடங்குவதால் எனக்கு மட்டும் சாயங்கால டியூட்டி. எனக்கென்று காத்திருக்கும் ஆள் யாருமில்லை, அதனால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. வேறு ஊரில் ஒரு அக்கா இருக்கிறாள். மாதம் ஒரு முறை போன் செய்து, அவள் கணவரைப் பற்றிக் குறை சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

மின்சாரம் மிச்சமாகட்டும் என்று முதலாளி ஒரு விளக்கு போட்டிருந்தார். ஆள் அசைந்தால்தான் எரியும். டைப் அடிக்கிற அசைவெல்லாம் அதற்குப் போதாது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை கையைத் தூக்கி ஆட்டி, நான் இங்கே இருக்கிறேன் என்று அந்த விளக்குக்கு நிரூபிக்க வேண்டும். என் பிழைப்பு அப்படி.

இந்த ஸ்கிரிப்டை முதலில் எழுதியவருக்கு ஆபீஸில் டோன் சார் என்று பெயர். ரிங் போகும் சத்தத்தைக் கேட்டே லைனில் என்ன கோளாறு என்று சொல்வாராம். நான் சேருவதற்கு முன்பே ரிட்டயர் ஆகிவிட்டார். நேரில் பார்த்ததில்லை. ஆனால் வரிகளுக்கு நடுவே அடுத்து வருகிறவர்களுக்காக அவர் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். "இதைத் தொடாதே. தொட்டால் நீயே சரிசெய்." "இங்கே எதற்கு இரண்டு விநாடி சும்மா நிற்கிறோம் என்று கேட்காதே. வயசானவர்களுக்குப் போன் காதுக்குப் போய்ச் சேர நேரமாகும்." சாயங்காலங்களில் எனக்குப் பேச்சுத்துணை அந்தக் குறிப்புகள்தான். அதற்குக் கீழே நான் பதில்கூட எழுதி வைப்பேன். "சரி சார், தொடவில்லை." யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். பார்க்கத்தான் யாருமில்லையே.

எடுக்காத வழி சரியாக வேலை செய்கிறதா என்று டெஸ்ட் செய்ய, யாருமே எடுக்காத ஒரு எண் வேண்டும். கேட்க எளிது, கிடைப்பது கஷ்டம். அணைத்து வைத்த போனுக்கு வேறு பதில் வரும். இல்லாத எண்ணுக்கு வேறு பதில் வரும். முழுசாக ரிங் போக வேண்டும், ஆனால் ஒருத்தரும் எடுக்கக் கூடாது. டோன் சார் அப்படி ஒன்றை ஸ்கிரிப்டிலேயே வைத்திருந்தார். பழைய லேண்ட்லைன் எண். பக்கத்தில் குறிப்பு: "இது முழுசாக ரிங் போகும். யாரும் எடுக்க மாட்டார்கள்."

நான்கு வருஷமாக அதைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். யாரும் எடுத்ததில்லை. அது யாருடைய எண் என்று நான் கேட்டதும் இல்லை.

அன்றைக்கு ஸ்கிரிப்டில் ஒரு சின்னத் திருத்தம் செய்திருந்தேன். நாலரை மணிக்கு அந்த எண்ணில் டெஸ்ட் போட்டேன். எட்டு ரிங் போனதும் சிஸ்டம் துண்டிக்கும். அதுதான் வழக்கம். ஆறாவது ரிங் பாதியில் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம்... பிறகு தொடர்ந்தது.

லைன் கோளாறு என்று நினைத்தேன். மறுபடி போட்டேன். இந்த முறை நாலாவது ரிங்கில் நின்று, தொடர்ந்தது.

மூன்றாவது முறை, இரண்டாவது ரிங்கிலேயே.

யாரோ எழுந்து பக்கத்தில் வந்து, ரிசீவர்மேல் கை வைத்து, எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல இருந்தது. எனக்கே என் நினைப்பு பிடிக்கவில்லை. கிளம்பிக்கொண்டிருந்த முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"சார், டெஸ்ட் நம்பர்ல ஏதோ கோளாறு. ரிங் நடுவுல நிக்குது."

"எது, டோன் சார் குடுத்ததா?" அவர் பை ஜிப்பை மூடுவதை நிறுத்தினார். "அது சும்மா ரிங் போற நம்பர்மா. நாளைக்குப் பாத்துக்கலாம். விடு."

போய்விட்டார். படிக்கட்டில் அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து, கீழ்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஆபீஸில் நானும் தண்ணீர் கேனும்தான்.

ஆறு மணிக்கு அழைப்புகள் தொடங்கின. ஸ்கிரீனில் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சை ஆயின. டோன் சாரும் அந்தப் பட்டியலில் இருந்தார். மனிதர் ரிட்டயர் ஆனதும் தன் பெயரைத் தானே சேர்த்துக்கொண்டார். தினமும் 6:04க்கு அவர் முறை வரும். முதல் ரிங்கிலேயே எடுப்பார். என் குரல் பேசி முடிக்கும் வரை காத்திருக்க மாட்டார், டக்கென்று ஒன்றை அழுத்துவார். எழுதினவருக்குத் தெரியாதா? எனக்கு அந்தப் பச்சை ரொம்பப் பிடிக்கும். முகம் தெரியாத ஒருவர் தினமும் எனக்குச் சொல்லும் குட் ஈவினிங் அது. எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை.

அன்றைக்கு 6:04க்கு அவர் எடுக்கவில்லை.

கடைக்குப் போயிருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். 6:14க்கு மறுபடி போனது. எடுக்கவில்லை. நான் மற்ற பெயர்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

6:24. எடுக்கவில்லை.

சிஸ்டம் அவருடைய உறவினர் எண்ணை எடுத்தது. ஸ்கிரீனில் அந்த எண் வந்தது. எனக்கு மனப்பாடமான எண். உறவு என்ற இடத்தில் "மனைவி" என்று இருந்தது.

யாரும் எடுக்காத எண்.

நான் மணி அடிக்கும் வரை காத்திருக்கவில்லை. உடனே பைக் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, டோன் சார் மூணு தடவையும் எடுக்கல. கொஞ்சம் சீக்கிரம் போய்ப் பாருங்க."

"சொந்தக்காரங்களக் கேட்டியா?"

"அங்க யாரும் எடுக்க மாட்டாங்க."

"பக்கத்துலதான் இருக்கேன். பத்து நிமிஷம்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

உறவினர் லைன்... பச்சை.

எடுத்திருக்கிறார்கள்.

என் குரல் அங்கே பேசிக்கொண்டிருந்தது. "உங்கள் உறவினர் அழைப்பை எடுக்கவில்லை. அவருடன் பேச..." அதற்கு மேல் போகவில்லை. டக்கென்று ஒன்றை அழுத்திவிட்டார்கள். டோன் சார் அழுத்துவது போலவே.

பிரிட்ஜ் திறந்தது. உள்ளே இருப்பவர்கள்: 1. பாட்டு ஓடத் தொடங்கியது. சிஸ்டம் டோன் சாரை நாலாவது முறையாகக் கூப்பிட்டது. அவர் லைனில் "ரிங் போகிறது" என்று காட்டியது.

6:27.

பாட்டு நின்றது.

உள்ளே இருப்பவர்கள்: 2.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். எடுத்துவிட்டார். நல்லாத்தான் இருக்கிறார். பிறகு அவர் லைனைப் பார்த்தேன்.

"ரிங் போகிறது."

இன்னும் எடுக்கவில்லை... அப்படியென்றால் உள்ளே வந்த இரண்டாவது ஆள் யார்?

பிரிட்ஜில் நடக்கும் பேச்சைச் சத்தமில்லாமல் கேட்க எங்களுக்கு ஒரு வசதி உண்டு. நாம் கேட்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது; பதிவில் மட்டும் நம் சத்தமும் விழும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். எண்ணிக்கை 3 ஆனது. மூன்றாவது ஆள் நான்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு அறையின் சத்தம். சுவர்க்கடிகாரம் ஓடியது. குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. தூரத்தில், பக்கத்து அறையில் இருப்பது போல, ஒரு செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

"எடுத்துட்டியா..."

ஆண் குரல். வயதான குரல்.

"நீங்கதான் எடுக்கல." பெண் குரல். "மூணு தடவ அடிச்சுதே."

"எழுந்திரிக்க முடியல."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

கடிகாரம் ஓடியது.

"கோவமா?"

"இல்ல. வாங்க."

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அசையவில்லை.

"யாரோ கேக்கறாங்க," என்றாள் அவள்.



"ஆபீஸ் பொண்ணு," என்றார் அவர். "தினமும் தனியா உக்காந்திருக்கும். எழுதி எழுதி எனக்குப் பதில் வைக்கும். விடு."

விளக்கு அணைந்தது.

நான் அசையாமல் இருந்ததால்தான். அது எனக்குத் தெரியும். கையைத் தூக்கினால் எரியும். அதுவும் தெரியும்.

கை வரவில்லை.

இருட்டு... ஸ்கிரீன் வெளிச்சம் மட்டும்... காதில் சொட்டுச் சொட்டாக...

பிறகு அந்தப் பெண் குரல். இந்த முறை மிகப் பக்கத்தில். என்னிடம்.

"விளக்கு அணைஞ்சிடுச்சு பாரு. கைய ஆட்டும்மா."

ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தேன். விளக்கு எரிந்தது. அறையில் யாருமில்லை. நாற்காலிகள் போட்டது போட்டபடி இருந்தன. ஸ்கிரீனில் டோன் சாரின் பெயர் பச்சையாகியிருந்தது. "உறவினருடன் பேசினார். நலம்."

பைக் அண்ணன் 6:41க்குக் கூப்பிட்டார்.

"போய்ட்டு வந்துட்டேன். ஒண்ணும் பிரச்சினையில்ல."

"கதவத் தொறந்தாரா?"

"தட்டலம்மா."

"ஏன்?"

"உள்ள பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. அவரும் ஒரு அம்மாவும். சிரிச்சுப் பேசிட்டிருந்தாங்க. புருஷன் பொண்டாட்டி பேசறப்ப நடுவுல போய் எதுக்குத் தட்டணும்?" பைக்கை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது. "ஆனா வீட்டுல லைட்டே போடல."

"அண்ணா, திரும்பிப் போங்க. தட்டுங்க. தொறக்கலன்னா உடைங்க."

"உனக்கென்ன ஆச்சு?"

"போங்கண்ணா."

என் குரலில் என்ன கேட்டதோ, மறுபேச்சு பேசாமல் போனார். தட்டியதும் உள்ளே பேச்சு நின்றுவிட்டதாம். யாரும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டு கதவை உடைத்தார்கள். டோன் சார் கட்டிலில் படுத்திருந்தார். ஒருக்களித்து, கையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு. வீட்டில் வேறு யாரும் இல்லை. பின்கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

காலையிலேயே உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர். நாங்கள் 6:04க்கு முதல் முறை கூப்பிடும்போது அவர் உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. செல்போன் சமையலறை மேடைமேல் இருந்தது. நான்கு மிஸ்டு கால். ஒன்றுகூட எடுக்கப்படவில்லை.

நான் அழுதேன். பயத்தில் இல்லை. அவரை ஒரு தடவைகூட நேரில் போய்ப் பார்க்காமல் போனேனே என்றுதான்.

இரண்டு நாள் கழித்து முதலாளி என்னை உட்கார வைத்துச் சொன்னார். டோன் சாரின் மனைவி இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. அந்த அம்மா இறந்த அன்றைக்குக் காலையில் இருவருக்கும் ஏதோ சின்னச் சண்டை. சாயங்காலம் இவர் இதே ஆபீஸிலிருந்து வீட்டுக்கு மூன்று முறை போன் செய்திருக்கிறார். எடுக்கவில்லை. கோபமாக இருக்கிறாள், அதான் எடுக்கவில்லை என்று வேலையை முடித்துவிட்டு மெதுவாகப் போனார். அவர் மனைவி போனுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். கை நீட்டியபடி. எட்டவில்லை.

"அதுவரைக்கும் நாம ஆபீஸ்களுக்கு போன் லைன் போட்டுக் குடுத்துட்டிருந்தோம். அதுக்கப்புறம்தான் இந்த சிஸ்டத்தையே எழுதினார்," என்றார் முதலாளி. "அந்த வீட்டக் காலி பண்ணாரு, ஆனா அந்த லைன மட்டும் விடல. எதுக்கு சார்னு கேட்டேன். டெஸ்டுக்கு வேணும்னார்."

நான் கேட்டதை எல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீ உள்ள போய்க் கேட்டல்ல? உன்னையும் ஒரு ஆளா எண்ணியிருக்கும். அதான் ரெண்டுன்னு காட்டிப் பச்சையாக்கிடுச்சு. ஸ்கிரிப்ட் கோளாறு."

"நான் போனப்புறம் மூணு சார்."

சிஸ்டத்தின் பதிவைத் திறந்து காட்டினேன். 1, 2, 3. அதற்குப் பிறகு பேச்சின் பதிவைப் போட்டோம். பாட்டு ஓடியது, நின்றது. இரண்டு பேரின் குரலும் அதில் இல்லை. நான் மூச்சை அடக்குவது மட்டும் கேட்டது. முதலாளிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் என் மூச்சுக்குப் பின்னால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எடுக்கப்படாத ஒரு செல்போன் தூரத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவே இல்லை என்றால், அவர் வீட்டுச் சத்தம் எங்கள் பதிவுக்குள் எப்படி வந்தது? முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாளே அந்த விளக்கை மாற்றி, சாதாரண சுவிட்ச் வைத்துக் கொடுத்தார்.

டெஸ்டுக்கு வேறு எண் வைக்கச் சொன்னார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த லைனின் நிலைமை என்ன என்று டெலிபோன் ஆபீஸில் விசாரித்தேன். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தார்.

"அந்த வீட்ட இடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சும்மா. கம்பியக்கூட சுருட்டி எடுத்துட்டாங்க. நம்பர் மட்டும் பேருக்கு உயிரோட இருக்கு."

"அப்புறம் ரிங் போகுதே?"

"அது கூப்பிடறவங்களுக்கு எங்க மெஷின் குடுக்கற சத்தம். அந்தப் பக்கம் எதுவும் அடிக்காது. அடிக்க என்ன இருக்கு அங்க?" அவராகவே அந்த எண்ணைச் சுழற்றி, ஸ்பீக்கரில் போட்டார். அவர் முகம் மாறியது.

"என்கேஜ்டு வருது," என்றார். "ரிசீவரத் தூக்கிப் பேசிட்டிருந்தாத்தான் இது வரும்."

அதற்குப் பிறகும் நான் தினமும் 6:04க்கு அந்த எண்ணைக் கூப்பிடுகிறேன். பயமாக இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. கூடவே பொறாமையாகவும் இருக்கிறது. ஒரு நாள்கூட ரிங் போனதில்லை. எப்போது கூப்பிட்டாலும் என்கேஜ்டுதான்.

ஸ்கிரிப்டில் டோன் சாரின் குறிப்பு அப்படியே இருக்கிறது. நான் அதை அழிக்கவில்லை. கீழே ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறேன்: "சார், இந்த எண் இனிமேல் டெஸ்டுக்கு ஆகாது. எடுத்துவிட்டார்கள். இன்னும் வைக்கவில்லை."